மூன்றாவது ப்ளக்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் வேனின் இஞ்சினில் இரண்டு புது ப்ளக்குகள் இருந்தன. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை இருந்தது. மூன்றாவது ப்ளக் என் கையில் இருந்தது. வலது கையில் மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரை கீறல்கள். பத்து மணிக்குத் தொடங்கிய வேலை.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பத்தொன்பது வருடங்களாகக் கரும்பலகையில் பெட்ரோல் இஞ்சினின் படம் வரைந்து வந்திருக்கிறேன். சிலிண்டர், பிஸ்டன், மேலே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடுதான் பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் ப்ளக். அதைக் கழற்றி மாட்டியது இல்லை. தேவைப்பட்டதும் இல்லை.

வேன் பழையது. அதன் இஞ்சின் முன்னால் கிடையாது. முன் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. இருக்கையை நிமிர்த்தித் தகர மூடியைத் திறந்தால் இஞ்சின் தெரியும். தெரியும் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஒரு பெரிய சோற்றுப் பானையின் வாய் அளவுக்கு இடம். அதற்குள் குழாய்கள், வயர்கள், தகடுகள். ப்ளக்குகள் இஞ்சினின் தலைப்பகுதியில் பக்கவாட்டில் வரிசையாக இருக்கின்றன. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது எட்டிப் பார்த்தால் தெரியும். மூன்றாவது வண்டியின் குறுக்குச் சட்டத்துக்கும் புகைக் குழாயை மூடிய தகட்டுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. எந்தக் கோணத்தில் தலையை வைத்தாலும் அதைப் பார்க்க முடியாது.

இரண்டு வாரமாக வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை. இருமிக்கொண்டே ஏறியது. அந்த வெள்ளிக்கிழமை பதுளை டவுனுக்குப் போயிருந்தபோது உதிரிப்பாகக் கடையில் சொன்னேன். கடைக்காரர் வயதான முஸ்லிம் மனிதர். டவுனில் எல்லோரும் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்பார்கள். கல்லாவில் இருந்தபடியே, இஞ்சினை அணைக்காமல் வெளியே நிறுத்தியிருந்த வேனின் சத்தத்தைக் கேட்டார்.

"ப்ளக் தான் சேர். மூணையும் மாத்துங்க. கராஜ் பாஸ்கிட்ட போகவும் தேவல்ல, நீங்களே செய்யலாம். அர மணித்தியால வேல."

மூன்று ப்ளக்குகளையும் அவற்றைக் கழற்றி மாட்டும் சாவியையும் கடதாசியில் சுற்றிக் கொடுத்தவர், நான் படியிறங்கும்போது ஒன்று சொன்னார்.

"கையாலதான் முதல் திருப்பணும். சாவியப் போட்டு அழுத்திடாதீங்க. உள்ளுக்க புரி போச்சின்டா ஹெட்டையே கழட்ட வேண்டி வரும்."

புரி என்றால் ப்ளக்கும் ஓட்டையும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் திருகு வரி. இஞ்சினின் தலை அலுமினியம், மென்மையான உலோகம். ப்ளக்கோ இரும்பு. கோணலாக வைத்து முறுக்கினால் இரும்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். விஞ்ஞான ஆசிரியருக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்று அப்போது மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

முதல் ப்ளக்குக்குக் கால் மணி நேரம் ஆனது. பெருமையாக இருந்தது. இரண்டாவதற்கு ஒரு மணி நேரம். மூன்றாவதைக் கழற்ற மட்டும் இரண்டரை மணி நேரம். சாவியை மாட்டினால் அதன் கைப்பிடி கொஞ்சம் திரும்பியதும் பெட்ரோல் குழாயில் இடிக்கும். கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி அந்தக் கொஞ்சம். அப்படியே ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் அது கையோடு வந்தது. கழற்றிய மற்ற இரண்டும் நுனியில் பிஸ்கட் நிறத்தில் இருக்க, இது மட்டும் கரி பிடித்து ஈரமாக இருந்தது. நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன்.

புதியது உள்ளே போகவில்லை. கையை நுழைத்தால் ப்ளக்கைத் திருப்ப இடமில்லை. ப்ளக்கைத் திருப்ப இடம் தேடினால் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. எப்படியோ வாயில் வைத்துவிட்டால் அரைச் சுற்றில் இறுகியது. அது சரியான இறுக்கம் இல்லை என்று விரலுக்கே தெரிந்தது. வெளியே எடுத்தேன். மறுபடி. மறுபடி. ஒரு தடவை கை நழுவி ப்ளக் சட்டத்தின் மேல் விழுந்து, அதை எடுக்கவே அரை மணி நேரம் போனது. கோபத்தில் அந்தத் தகர மூடியைக் காலால் உதைத்தேன். பக்கத்துத் தொழிலாளர் லயத்து நாய் எழுந்து போய் வேறு இடத்தில் படுத்தது.

மனைவி ஹாலிஎலயில் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். உதவிக்குக் கூப்பிட ஆளில்லை. நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"யாராவது பாஸ அனுப்ப ஏலுமா நானா?"

"இன்டைக்கு ஞாயிறு சேர். மத்தது, ஒங்கட ரோட்டு ஒடஞ்சி கெடக்கே. நாளைக்குப் பாக்கலாம். ஒன்டும் அவசரமில்லயே?"

இல்லை என்றேன். அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வாரம் பெய்த மழையில் தோட்டத்துக்கு வரும் பாதையில் ஒரு மதகுப் பாலம் இடிந்திருந்தது. பஸ் வரவில்லை. பெரிய வாகனம் எதுவும் வர முடியாது. தேயிலை மலைக்குள் கொழுந்து ஏற்றும் டிரக்டர் போகும் மண் பாதையைச் சுற்றிக்கொண்டு என் வேனைப் போன்ற சின்ன வண்டிகள் மட்டும் போய் வந்தன.

நான்கு மணி கழிந்து, நான் சொன்ன அந்த ஓட்டையோடு உட்கார்ந்திருந்தபோது, தோட்டத்தின் மேல் டிவிஷன் பாதையில் ஒரு குடை இறங்கி வந்தது. பிரசவம் பார்க்கும் எங்கள் மருத்துவமாது. எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற இரண்டு மூன்று வருடங்களே இருக்கும் வயது. என் தோள் உயரத்துக்கும் குறைவு. தோளில் எப்போதும் ஒரு பை. ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் அந்தப் பையோடு வருகிறார் என்றால் காரணம் இருக்கும்.

"சேர், நாளைக்குக் காலையில வேன் வேணும்."

மேல் டிவிஷனில் ஒரு பெண். முதல் பிள்ளை, எட்டு மாதம். கணவன் கொழும்பில் வேலை. இரண்டு நாளாகக் கால் வீங்கியிருக்கிறது. பிரஷர் ஏறியிருக்கிறது.

"ரெண்டு தடவ பாத்துட்டேன். டொக்டர்கிட்டயும் பேசிட்டேன். இன்னைக்கே ஓடணும்ங்கற அளவுக்கு இல்ல. ஆனா நாளைக்குக் காலையில பதுளைக்குக் கொண்டுபோயே ஆகணும். ஆட்டோவுல இந்த ரோட்டுல குலுக்கிட்டுப் போக முடியாது. வேன்ல படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போகலாம்னு பாத்தேன்."

கையிலிருந்த ப்ளக்கைக் காட்டினேன். திறந்து கிடந்த இஞ்சினைக் காட்டினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் அழுகைக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தது. அவர் குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்க போகணும் இது?"

"அந்தத் தகட்டுக்குப் பின்னால ஒரு ஓட்டை. கண்ணுக்குத் தெரியாது மிஸ்."

"எவ்வளவு பெருசு?"

"விரல் நுனி அளவு."

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் வைத்தார். சவர்க்காரம் கேட்டார். குழாயடியில் நின்று முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். ஒவ்வொரு விரலாக, நகத்துக்கு அடியில், நிதானமாக. என் துவாயில் ஈரம் போகத் துடைத்தார்.

"இஞ்சினுக்குக் கை கழுவணுமா மிஸ்?" என்று கேட்டேன்.

"வெரல் சுத்தமா காய்ஞ்சிருந்தாத்தான் சேர் தெரியும்."

இருக்கைச் சட்டத்தின் மேல் தோளைச் சாய்த்து, வலது கையை உள்ளே விட்டார். என் கை முட்டி முட்டி நின்ற இடத்தில் அவருடைய கை நிற்கவில்லை. விரல்களைக் கூம்பாகக் குவித்து, மணிக்கட்டை ஒரு பக்கம் திருப்பி, குழாய்க்கும் தகட்டுக்கும் இடையில் முழங்கை வரை போய்விட்டார். நான் போனில் டோர்ச்சைப் போட்டுப் பிடித்தேன்.

"அத அணைங்க சேர். வெளிச்சம் இருந்தா கண்ணு தேடிக்கிட்டே இருக்கும்."

அணைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் பார்த்தது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று அப்போது தெரியும். பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை, அதுதான் சிக்கல். ஒரு சிறிய பெண் வேனின் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். அவருடைய கை வெளியே தெரியவில்லை. தோளில் ஒரு தசை மட்டும் மெல்ல அசைகிறது. அவ்வளவுதான்.

"இருக்கு," என்றார். "வட்டமா இருக்கு. உள்ள சுத்திச் சுத்திப் படி மாதிரி போகுது."

"அதுதான் புரி."

"மேல் பக்கம் ஒரு எடத்துல மட்டும் சொரசொரன்னு இருக்கு. மத்தது வழுவழுன்னு இருக்கு. இது நீங்க செஞ்சதா?"

நான்தான் செய்தேன். அரைச் சுற்றில் இறுகியபோதெல்லாம் நான் அந்த முதல் வரியைக் கடித்திருக்கிறேன். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். நகத்தால் தடவிப் பார்த்தார்.

"மொத படி மட்டும். அடுத்தது நல்லா இருக்கு. பயப்படாதீங்க."

விரல் அந்த வட்டத்தைச் சுற்றி வருகிறது என்று தோளின் அசைவிலிருந்து ஊகித்தேன்.

"சேர், நீங்க இத நேரா வச்சீங்க, இல்லையா?"

"ஆமா."

"ஓட்டை நேரா இல்ல. நம்ம பக்கம் சாஞ்சு இருக்கு. கொஞ்சம் மேலயும் பாக்குது. தலையச் சாச்சுக்கிட்டு வர்ற புள்ள மாதிரி. நாம நேரா இழுத்தா வருமா? அது எப்படிச் சாஞ்சிருக்கோ அப்படித்தான் நாமளும் போகணும்."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் அந்த ஓட்டையோடு போராடியிருக்கிறேன். அது சாய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற இரண்டையும் கண்ணால் பார்த்து வைத்ததில் சாய்வை யோசிக்கவே இல்லை. என் படத்தில் அந்தக் கோடு எப்போதும் செங்குத்து. படத்தைத்தான் நான் உள்ளே தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தப் படம் தெரியாது. அதனால் உள்ளே இருந்ததையே தொட்டார்.

கையை வெளியே எடுத்து ப்ளக்கை வாங்கினார். அதைச் சுற்றிச் சுற்றித் தடவினார். வெள்ளைக் கழுத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, கூம்பிய கைக்குள் அதை மறைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். நான் அவர் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க பேசுங்க சேர். நீங்க இப்படிப் பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை வராது."

நான் தொடங்குவதற்குள் அவரே பேசினார். ஒரு மழை நாள், பகலிலேயே இருட்டு, பாதை இப்போது போலவே உடைந்து கிடந்தது என்றார். ஒரு லயத்து அறையில் பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை. தலை வந்து நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தால் கழுத்தைச் சுற்றித் தொப்புள் கொடி.

"ரெண்டு சுத்து. அறையில சன்னல் இல்ல, கரண்டும் இல்ல. வெரல விட்டேன். கொடி துடிக்கும் சேர், உயிரோட இருக்கிறப்போ. அந்தத் துடிப்ப வச்சுத்தான் எது கொடி, எது புள்ளன்னு தெரியும். ஒரு சுத்தத் தலைக்கு மேல எடுத்தேன். அப்புறம் மத்தது."

"பிள்ளை?"

"ஒங்க எட்டாம் வகுப்புல இருக்கு. யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் முப்பத்தோரு பேர். ஒவ்வொரு முகமாக மனதில் வந்து போனது. வரவு இடாப்பைப் பார்க்காமலே எல்லோருடைய பெயரையும் சொல்வேன். ஆனாலும் அவர்களில் ஒருவரைக்கூட நான் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்று பட்டது.

"இப்ப பின்னாடி திருப்புறேன்," என்றார்.

"பின்னாலயா? அது கழற்றுற பக்கம் மிஸ்."

"தெரியும். மொதல்ல அதோட போக்கு எங்க இருக்குன்னு பாக்கணும்."

ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அவர் முகத்தில் ஒரு சிறிய மாற்றம். யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டவர் போல.

"விழுந்துச்சு. டக்குன்னு ஒரு சின்ன எறக்கம். படியோட ஆரம்பம் இதுதான்."

அங்கிருந்து முன்பக்கம் திருப்பினார். ஒரு சுற்று. நான் இறுகிவிடும் என்று காத்திருந்தேன். இறுகவில்லை. இரண்டு. மூன்று. விரலால் மட்டும், எந்த அழுத்தமும் இல்லாமல், அது தானாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஏழாவது சுற்றில் "அடிக்கு வந்துடுச்சு" என்று சொல்லிக் கையை எடுத்தார். கையில் கரி, முழங்கைக்குக் கீழே ஒரு நீளக் கீறல். அதைப் பார்த்துவிட்டு என் கையையும் பார்த்தார்.

"ஒங்களுக்குத்தான் மருந்து போடணும்," என்று சொல்லிப் பையைத் திறந்தார்.

சாவியைப் போட்டுக் கடைசி இறுக்கத்தை நான் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, குழாயில் இடித்து இடித்து. வயர்களை மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால் வண்டி முன்பைவிட மோசமாக ஆடியது. ஒரு பெரிய வெடிச் சத்தம் வேறு.

மிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்னுது சரியா இருக்கு சேர். நீங்க எதையோ மாத்திட்டீங்க."

யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னது சரி. அவசரத்தில் இரண்டாவது வயரை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டியிருந்தேன். ஒன்றின் நேரத்தில் மற்றது தீப்பற்றுகிறது. பத்தொன்பது வருடப் பாடத்தில் அன்று உதவியது இந்த ஒன்றுதான். மாற்றி மாட்டி மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.

இஞ்சின் ஓடியது. இருமல் இல்லை, தயக்கம் இல்லை. ஒரே சீராக ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மறுநாள் ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையை மடக்கி மெத்தை விரித்து அந்தப் பெண்ணை இடப்பக்கமாகப் படுக்க வைத்திருந்தார் மிஸ். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். மண் பாதையில் நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி நின்று, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, "பத்திரமா போய்ட்டு வா" என்று அவளிடம் சொன்னார்கள்.

லுணுகலையைக் கடந்து தார் ரோட்டுக்கு வந்ததும் பசறைப் பக்கம் ஏற்றம் தொடங்கியது. இரண்டு வாரமாக வண்டி திணறிய அதே ஏற்றம். கியரை மாற்றினேன். வண்டி இழுத்தது. எனக்கு அடியில், ஒரு தகர மூடிக்குக் கீழே, என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஏற்றத்தில் இஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுற்றும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ப்ளக்கிலும் ஆயிரத்து ஐநூறு பொறி. விநாடிக்கு இருபத்தைந்து. ஒன்றுகூடப் பிந்தக் கூடாது, முந்தவும் கூடாது. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத இடைவெளியில், இருட்டில், ஒருவரும் பார்க்காமல். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறேன், விடையைத் திருத்தி மார்க்ஸ் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் உடம்பில் ஏறியது.

பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"மிஸ், புள்ள அசையுதா?"

"பொறு, பாக்குறேன்." ஒரு சிறிய இடைவெளி. "அசையுது. நல்லா ஒதைக்குது. நீ தூங்கு."

"சத்தமே இல்லாம போகுது வண்டி," என்றாள் அவள். "போன வாரம் கிளினிக்குப் போறப்போ எருமை மாதிரி கத்துச்சு."

மிஸ் சிரித்தார். நான் செய்தது என்றோ தான் செய்தது என்றோ அவர் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய ஒரு கை அவள் வயிற்றின் மேல் இருந்தது. கண் மூடியிருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் உடனே அனுமதித்துக்கொண்டார்கள். நேற்றே கொண்டுவந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம், இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னதாக மிஸ் வந்து சொன்னார். வாசல் கடையில் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தேன். அவர் நின்றபடியே குடித்தார்.

"நேத்து அந்த ஓட்டை கெடைக்காம போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க மிஸ்?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் தேடியிருப்பேன்," என்றார்.

ஒன்பது நாள் கழித்து, இடைவேளை நேரத்தில், அவரிடமிருந்து போன் வந்தது. ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள், பெண் பிள்ளை, எடை கொஞ்சம் குறைவு, ஆனால் அழுகை பலம் என்றார். தாயும் நன்றாக இருக்கிறாள், பிரஷர் இறங்கிவிட்டது. எனக்கு இன்னும் நிறையக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் மேல் டிவிஷனுக்கு ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குவது கேட்டது. அங்கே இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.